ஆட்களை உருவாக்கிய டாக்டரம்மா

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, ரோபோ பற்றியோ எலெக்ட்ரிக் வண்டி பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் எழுத நம் பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது 1960ஆம் வருஷமே மறைந்துபோன ஒரு டாக்டரம்மாவைப் பற்றி. பெயர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு தாண்டி சுமார் 100 கி.மீ.யில் வேலூர். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, ஃபைலும் கையுமாக அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இன்ஜினீயருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் ரூம் உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்பது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்ட காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. அங்கே இருக்கிற சிஸ்டர் பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர். விரலில் வெட்டு, கண்ணில் தூசு, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மயக்கம் எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். போன வருஷம் அவர், வேலையை விடாமலே, பாலியேட்டிவ் கேர் படிப்பு ஒன்றில் சேர்ந்தார். குணப்படுத்த முடியாத நோயில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்கிற சிகிச்சை அது. இத்தனை வருஷம் நர்சாக இருந்தவர் மறுபடியும் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேன்டீனில் பேச்சு வந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போன இடத்தில்தான் ஐடா அம்மாவின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9ஆம் தேதி, நம்ம ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர் 1819ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, இலங்கையில் யாழ்ப்பாணப் பக்கம் வைத்தியம் பார்த்துவிட்டு, பின்னால் சென்னைக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர். குடும்பமே மிஷனரிக் குடும்பம். 1876ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது ஐடா சின்னக் குழந்தை. பட்டினியால் எழுந்து நிற்கக்கூட முடியாத பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய கைகளில் அந்தக் குழந்தையின் கையும் ஒன்று.

அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, படிக்க அமெரிக்கா போனதும், இந்தியாவுக்குத் திரும்பி வருவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டாம், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு செட்டில் ஆகிவிடலாம் என்பதுதான் திட்டம். 1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று திண்டிவனம் வந்தார்.

அங்கேதான் எல்லோரும் சொல்லும் அந்த ராத்திரி. முதலில் ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை, உடனே வர வேண்டும் என்றார். ஐடா தன் அப்பாவைக் கூப்பிட்டார். ஆண் டாக்டர் வீட்டுக்குள் வருவதற்கில்லை என்று மறுத்துவிட்டுப் போய்விட்டார் அவர். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார், பிறகு இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். மூவரும் கேட்டது பெண் டாக்டரை. ஐடாவுக்கோ அப்போது வைத்தியம் ஒன்றும் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் படித்தபோது என் இன்ஜினீயர் புத்திக்கு ஒன்று உறைத்தது. அன்றைக்கு அந்த ஊரில் டாக்டர் இல்லாமல் இல்லை, மருந்தும் இல்லாமல் இல்லை. எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அது தேவைப்பட்டவர் கட்டில் வரைக்கும் போய்ச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கிற கைகள் இல்லை. ஐடா அதற்குப் பிறகு வாழ்ந்த எழுபது வருஷமும் இந்த ஒரே குறையைச் சரி பண்ணுவதிலேயே போயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

ஜன்னல் வைத்தியம்

அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1899ல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஆரம்ப வருஷங்கள் அவை. கிளம்புவதற்கு முன், ஷெல் என்ற பேங்க்காரர் மறைந்த தன் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்தார்.

1900 ஜனவரியில் இந்தியா வந்து இறங்கினார் ஐடா. அப்பாவிடம் கூடமாட இருந்து தொழில் பழகலாம் என்று வந்தவருக்குப் பேரிடி. அப்பா அந்த வருஷமே காலமாகிவிட்டார். புது டாக்டர், அதுவும் பெண், தனியாள். வேலூரில் வீட்டின் சின்ன அறை ஒன்றின் ஜன்னல்தான் முதல் டிஸ்பென்சரி. ஆரம்பத்தில் ஆளே வரவில்லை. பிறகு வரத் தொடங்கி, இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார்.

இவ்வளவு பேருக்கும் கூட நின்று உதவியது யார் தெரியுமா? வீட்டுச் சமையல்காரரின் மனைவி! நர்சிங் என்ற சொல்லைக்கூடக் கேட்டிராத அந்த அம்மாவுக்குப் புண் கழுவவும், கட்டுப் போடவும், மருந்து எடுத்துத் தரவும் பக்கத்திலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தார் ஐடா. நம்ம பாஷையில் சொன்னால் ஆன்-தி-ஜாப் டிரெயினிங். வேலூரில் பின்னால் வந்த கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த முதல் வகுப்பு அதுதான் என்பேன்.

1902ல் ஷெல் நினைவு ஆஸ்பத்திரி 40 கட்டில்களோடு திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. ராத்திரி பகலாகக் கட்டில் பக்கத்தில் நிற்க ஆள்? அந்தக் காலத்தில் அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுகிற வேலைக்குப் பெண்ணை அனுப்ப எந்தக் குடும்பமும் லேசில் சம்மதிக்காது. தீட்டு ஒரு பக்கம், ஊர்ப்பேச்சு ஒரு பக்கம். அதையும் மீறி 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கவனியுங்கள், டாக்டர்களுக்கான பள்ளிக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே நர்ஸ்களுக்கான பள்ளி! ஆபரேஷன் ஒரு மணி நேர வேலை, அதற்குப் பிறகு நோயாளியைப் பிழைக்க வைப்பது நர்ஸ் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

ரோட்டோர ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்கள் வந்தார்கள். வர முடியாதவர்கள்? அதற்கும் வழி கண்டார். குடியாத்தம் போகிற பாதையில் மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியோடு போக ஆரம்பித்தார். 1909ல் பெஜோ கார் ஒன்று வந்து சேர்ந்தது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்து ஜனங்கள் பிசாசு என்று பயந்து வயலுக்குள் ஓடினார்களாம். போகப் போக, இன்ன மரத்தடியில் வண்டி நிற்கும் என்று தெரிந்துகொண்டு காலையிலிருந்தே கூட்டம் காத்திருந்தது. கண் நோய், ஆறாத புண், காய்ச்சல், தொழுநோய் என்று யார் வந்தாலும் ரோட்டோரத்திலேயே வைத்தியம். கூட வந்த நர்ஸ்களுக்கும் மாணவிகளுக்கும் அதுவே பாடம்.

அடுத்து, பெண் டாக்டர்களை உருவாக்க மருத்துவப் பள்ளி கேட்டார். ஆறு பேராவது விண்ணப்பித்தால் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று சென்னை மாகாண சர்ஜன் ஜெனரல் அனுமதி கொடுத்தார். பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்ற எண்ணம்தான்! 1918ல் தொடங்கும்போது இடமில்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் பரீட்சையில் ஆண்களில் பெரும்பாலோர் கோட்டை விட்டபோது, ஐடாவின் மாணவிகள் 14 பேரும் தேறினார்கள்.

எழுபது வயதில் மறுபடியும்

கேன்டீன் கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. 1930களின் கடைசியில் அரசாங்கம் விதியை மாற்றியது. எல்.எம்.பி. என்ற பழைய படிப்பு இனி செல்லாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். அதற்கு உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், கட்டில்கள் கூட வேண்டும், பணம் வேண்டும். இருபது வருஷமாக நன்றாகத்தானே நடத்துகிறோம் என்று ஐடா சடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1941ல், எழுபது வயதில், அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். பெண்களுக்கென்றே தொடங்கிய இடத்தில் ஆண்களையும் சேர்ப்பதா என்று பழைய நண்பர்களே எதிர்த்தார்கள். அந்த மனவருத்தத்தையும் தாங்கிக்கொண்டு, பள்ளி பிழைக்க அது ஒன்றுதான் வழி என்று ஏற்றுக்கொண்டார். 1942ல் எம்.பி.பி.எஸ். அனுமதி கிடைத்தது. 1947ல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

நர்ஸ் பள்ளியும் அதே பாதையில் வளர்ந்தது. 1946ல் அது நர்சிங் கல்லூரியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் நர்சிங்கைப் பட்டப்படிப்பாக முதன்முதலில் ஆரம்பித்த இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, டெல்லி இன்னொன்று. அந்த வருஷமே ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான பிறகும் டென்னிஸ் ஆடியவர். கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து, 1960 மே 24ஆம் தேதி தன் 89ஆம் வயதில் காலமானார். அடக்கம் செய்தது வேலூரில்.

இன்றைய கதவுத் தட்டல்

ஐடா காலத்தில் பாலியேட்டிவ் கேர் என்ற பெயரே கிடையாது. அது பிறந்த கதையிலும் மறுபடி படித்த ஒரு பெண்மணிதான் இருக்கிறார். இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ். முதுகு வலியால் அந்த வேலை முடியாமல் போக, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் ஆனார். சாகக் கிடப்பவர்களின் வலியை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்று கண்டு, முப்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957ல் டாக்டரானார். 1959ல் அவர் இந்த விஷயத்தைக் கட்டுரைத் தொடராக எழுதியது எங்கே தெரியுமா? நர்ஸ்களுக்கான பத்திரிகையில்! ஏற்கெனவே வார்டில் நிற்கிறவர்களுக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். 2005ல் அங்கேயே காலமானார்.

நம் பக்கத்தில் 1993ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த பணி கேரளம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே போய் பாலியேட்டிவ் கேர் தருவதும் சேர்க்கப்பட்டது. ஆனாலும் போக வேண்டிய தூரம் அதிகம். உலகம் முழுக்க வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அந்த மிச்சம் எண்பத்தாறு பேரில் ஒருவராக என் பெரியப்பா இருந்தார். வாயில் புற்று. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி, ஒரு பட்டை வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. புண்ணின் வாடைக்குப் பயந்து பேரப்பிள்ளைகள் திண்ணையோடு நின்றுவிட்டார்கள். அது அவருக்கு வலியைவிடப் பெரிய வலி. பிறகு யாரோ சொல்லி, ஒரு வீட்டுச் சிகிச்சைக் குழு வந்தது. கூட வந்த நர்ஸ், டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்கக்கூடாது, நாலு மணிக்கொரு தடவை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்குக் கற்றுத் தந்தார். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து கூடவே தர வேண்டும் என்றும் சொன்னார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னார். வாடை அடங்கியது. பேரப்பிள்ளைகள் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா பிழைக்கவில்லை. ஆனால் கடைசி நாற்பது நாள் தூங்கினார், பேசினார், நிலத்துக் கணக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

திண்டிவனத்து ராத்திரியும் இதுவும் ஒன்றுதானே? மார்ஃபின் இருக்கிறது. அதற்கான சட்டச் சிக்கலைக்கூட 2014 திருத்தம் எவ்வளவோ குறைத்துவிட்டது. வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வெளியிட்டுவிட்டது. குறைவாக இருப்பது, அதைக் கட்டில் வரைக்கும் கொண்டுபோகத் தெரிந்த கைகள்தான்.

நர்சிங் கவுன்சில் 2021ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் பாலியேட்டிவ் கேர் இடம் பெற்றது. இனி படித்து வருகிற பிள்ளைகள் தெரிந்துகொண்டு வருவார்கள். அதற்கு முன்னால் படித்து, இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், தனியார் ஆஸ்பத்திரியிலும், தொழிற்சாலை ஆம்புலன்ஸ் ரூமிலும் இருக்கிற நர்ஸ்கள்? அவர்களுக்காகத்தான், வேலையை விடாமல் சில வாரங்களில் படிக்கிற சான்றிதழ்ப் படிப்புகளை இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கமும், கோழிக்கோட்டு பாலியேட்டிவ் மருத்துவ நிலையமும் நடத்துகின்றன. பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலியை அளப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, வீங்கிய கைக்குக் கட்டுப் போடுவது, மூச்சுத் திணறலில் பயத்தைக் குறைப்பது, நோயாளி உண்மையைக் கேட்டால் எப்படிச் சொல்வது, இறந்த பிறகு குடும்பத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது... பாடங்கள் இவை. பத்து வருஷ அனுபவம் இருந்தாலும் தானாக வந்துவிடாதவை. எல்.எம்.பி.யை எம்.பி.பி.எஸ். ஆக்க ஐடா ஓடியதும் இதே காரணத்துக்குத்தான். முன்னால் கற்றது தப்பு என்று அர்த்தமில்லை, நோயாளியின் தேவை அதைத் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியது

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இந்தத் தடத்தில் நம் கல்லூரிக்காரர்கள் இல்லாத தொழிற்சாலை கிடையாது. நம் லைனில் நிற்கிற பையன்களும் பெண்களும் செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம், உத்திரமேரூர் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அந்த வீடுகளில் படுக்கையில் கிடக்கும் தாத்தா பாட்டிக்காக அவர்கள் போடும் லீவு நமக்கு அட்டெண்டன்ஸ் ஷீட்டில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறார்.

சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, வருஷத்துக்கு இரண்டு நர்ஸ்களுக்கு இந்தப் படிப்புக்கான கட்டணத்தை நம் சங்கம் ஏற்கலாம். தொழிற்சாலை நர்சாக இருக்கலாம், சுற்றுவட்டாரச் சின்ன ஆஸ்பத்திரி நர்சாகவும் இருக்கலாம். இரண்டாவது, பணமே தேவையில்லாதது. மேனேஜராக இருக்கிற நண்பர்கள், தங்கள் ஆம்புலன்ஸ் ரூம் சிஸ்டர் படிக்கப் போகும் நாட்களில் சம்பளம் பிடிக்காமல், மாற்று ஆள் போட்டு அனுப்பி வையுங்கள். படிக்க ஆசையுள்ள நர்சுக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை ஷிஃப்ட்தான். என் டிபார்ட்மெண்டில் அதை அனுசரித்துப் பார்த்தேன், ஒரு நாள்கூட புரொடக்‌ஷன் நிற்கவில்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. டிகிரி சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியதும் படிப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எழுபது வயதில் கப்பலேறிப் போன ஒரு அம்மா நமக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில்தான் இருந்திருக்கிறார். பொதுக்குழுவில் இந்த இரண்டு யோசனைகளையும் நான் எழுந்து சொல்வேன். ஆதரித்துப் பேச நாலு பேர் முன்வந்தால், அடுத்த மலர் வருவதற்குள் இரண்டு நர்ஸ்களை அனுப்பிவிடலாம்.